சாங்கி மிதவைத்துறை: மே, ஜூன்

மே 3, சனி

வாக்களிப்பு நாள். படகு இறக்கவில்லை. வீல்சேரில் இருப்பவர்களைத் தூக்கிப் பாய்மரப் படகில் இறக்கும் ஹாய்ஸ்டின் கை ஸ்விட்ச் இன்னும் வரவில்லை.

மே 6, செவ்வாய்

சாய்தளம் 12 மீட்டர். கரைப்பக்க முனை அசையாது, மறுமுனை மிதவையோடு ஏறி இறங்கும். அட்டவணையில் இருக்கும் கடல் மட்டத்தை 3.4-லிருந்து கழித்தால் இறக்கம் தெரிந்துவிடும். மட்டம் 2.4 என்றால் இறக்கம் 1 மீட்டர், சரிவு 1:12. அதுவரை வீல்சேருக்குக் கவலை இல்லை. மட்டம் 1.0-க்கு வற்றினால் 1:5. பவர் வீல்சேர் அதில் இறங்கினால் கால்மிதி கீழ்த்தகட்டில் முட்டும், ஆள் முன்னால் சரிவார். ஏறும்போது பின்பக்கம் கவிழப் பார்க்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்று 0.6, ஏற்றம் 2.8 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.2. உச்சத்துக்குப் பிறகு முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு வற்றும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, அடுத்த இரண்டு மணிகளில் மும்மூன்று. ஆக 2.4-க்கு மேல் மட்டம் நிற்பது உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்தான். இறங்குவது, ஓட்டுவது, திரும்பி ஏறுவது எல்லாமே அந்த மூன்று மணிக்குள் முடிய வேண்டும்.

புதிதாக வரும் தொண்டூழியர்கள் அட்டமி, நவமிதான் வசதி என்பார்கள், கடல் அதிகம் ஏறி இறங்காதாம். அன்று ஏற்றமே 2.2-ஐத் தாண்டாது. நாள் முழுக்கக் காத்திருந்தாலும் 1:12 கிடைக்காது.

மே 8, வியாழன்

ஸ்விட்ச் வரவில்லை.

பழையதைத் திறந்து பார்த்தோம். கேபிள் நுழையும் ரப்பர் வளையத்தில் கீறல், உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரி செம்பு உப்பு. உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் பூசாமல் எந்த பிளக்கையும் விடக்கூடாது. பிளாஸ்டிக் பை சுற்றுவது அதைவிட மோசம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

ஹாய்ஸ்டில் சிவப்பு வளையம் ஒன்று உண்டு. மின்சாரம் போனால் அதை இழுத்து ஆளைக் கீழே இறக்கலாம். மேலே தூக்க அப்படி எதுவும் இல்லை. அதாவது எல்லாரும் கடலில் இருக்கும்போது ஸ்விட்ச் செத்தால், திரும்பி வருபவரைப் படகிலிருந்து எடுக்க வழி கிடையாது. எங்கள் சிறு பாய்மரப் படகு ஹான்சா 303-இன் துணி இருக்கை ஏறக்குறைய படகின் அடித்தளத்தில் இருக்கிறது, மிதவைப் பலகைக்கும் கீழே. அங்கிருந்து ஓர் ஆளைக் கையால் தூக்குவது நாலு பேரின் முதுகுக்கு உலை.

மே 10, சனி

முற்பகலில் நல்ல ஏற்றம். கைவலு உள்ளவர்கள் மட்டும். மிதவை ஓரத்தில் மெத்தை, அதில் உட்கார்ந்து, கால்களைப் படகுக்குள் விட்டு, நடுவில் ஒரு பெட்டிமேல் ஒரு தடவை இளைப்பாறி, இருக்கைக்கு. கீல், அதாவது படகின் அடியில் இறங்கும் எடைப் பலகை, முழுதாக இறங்கிப் பூட்டூசி போட்ட பிறகுதான் ஆள் ஏறலாம். அந்த 30 கிலோ கீழே போகாத படகு, ஒரு பக்கம் கை ஊன்றியதுமே சாயும். முன்கயிறு, பின்கயிறு போதாது. படகு முன்னும் பின்னும் நகராமல் குறுக்குக் கயிறும் வேண்டும்.

ஒரு அம்மா கேட்டார்: "பிள்ளைய கட்டி வைக்க மாட்டீங்களா தம்பி? நழுவிட்டா?"

"கட்ட மாட்டோம்மா. தண்ணி புகுந்தா படகோட சேத்து அவரையும் பிடிச்சுக்கும்."

நெஞ்சுக்குக் குறுக்கே அகலமான வெல்க்ரோ பட்டை மட்டும். ஒரே இழுப்பில் பிரிய வேண்டும், பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பழகியிருக்க வேண்டும். அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை. நியாயம்தான்.

மே 11, ஞாயிறு

சி-5 அண்ணன் (கழுத்தில் ஐந்தாம் நிலையில் தண்டுவடம் அடிபட்டவர்) மறுபடி கேட்டார், தன்னை எந்தத் தேதி படகில் ஏற்றுவோம் என்று. தேதி சொல்லவில்லை.

மே 14, புதன்

ஸ்விட்ச் வந்துவிட்டது!

20 லிட்டர் தண்ணீர்க் கலன்கள் ஐந்தைக் கட்டி 100 கிலோ தூக்கி, பத்து நிமிடம் தொங்கவிட்டு, சுவரில் பென்சில் கோடு போட்டுப் பார்த்தோம். இறங்கவில்லை. ஆளைத் தாங்கும் துணித்தொட்டில்களான ஸ்லிங்குகளில் ஒன்றைக் கழித்தாயிற்று. யாரோ குளோரின் போட்டுத் துவைத்திருக்கிறார்கள், தையல் நூல் நகத்தால் சுரண்டினால் பொடிகிறது. லேபிள் படிக்க முடியாத ஸ்லிங்கும் குப்பைக்குத்தான், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும்.

மே 17, சனி

ஏற்றம் 2.2. போகவில்லை.

மே 24, சனி

விடிவதற்கு முன்பே சுமாத்ரா வரிசை, அந்தப் பக்கத்திலிருந்து வரும் இடிமழைக் காற்று, வந்து அடித்துவிட்டுப் போனது. உபின் தீவு தெரியவில்லை. எட்டரைக்கு வானம் தெளிந்தது, இருந்தும் இறக்கவில்லை. ஏன் என்று ஒருவர் கோபப்பட்டார்.

கணக்கு இதுதான். ஹாய்ஸ்ட் ஒன்று. ஒருவரைப் படகிலிருந்து எடுத்து வீல்சேரில் உட்காரவைக்க எட்டு நிமிடம், அவசரப்பட்டால் பன்னிரண்டு. நாலு படகு வெளியே இருந்தால் கடைசி ஆள் அரைமணிக்கு மேல் திறந்த வெளியில் காத்திருப்பார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடி என்றால் உள்ளே வா என்பது கால் உள்ளவர்களுக்கான விதி. இங்கே ஜொகூர் பக்கம் மேகம் குவியத் தொடங்கும்போதே கூப்பிட வேண்டும். காற்று எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஹாய்ஸ்ட் எத்தனை என்று ஒருவரும் கேட்பதில்லை.

மே 26, திங்கள்

சி-5 அண்ணனுக்கு ஜாய்ஸ்டிக் போதும், முழங்கையை மடக்க முடிகிறது. சர்வோ மோட்டாரில் சுக்கானும் பாய்க்கயிறும் ஒரே கைப்பிடியில். அவர் கேட்பது ஊதுகுழல். ஹிலரி லிஸ்டர் 2009-இல் மூன்று குழல்களை ஊதியும் உறிஞ்சியும் தனியாகவே பிரிட்டனைச் சுற்றி வந்ததைப் படித்ததிலிருந்து அதே பேச்சு.

குழலில் எச்சில் தேங்கும், ஈரம் போய் அழுத்த உணரியை அடைக்கும். நடுவில் வடிகட்டி போட்டு, ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். நுரையீரல் வலு தேவையில்லை, கன்னத்தின் அழுத்தமே போதும், ஆனால் எந்த அளவில் சுக்கான் திரும்ப வேண்டும் என்பதை அவரவர் வாய்க்கு ஏற்றபடி கரையிலேயே திருத்த வேண்டும். கை வேலை செய்கிறவருக்கு இது எதற்கு? முதலில் ஜாய்ஸ்டிக்.

மே 28, புதன்

முறைப்படி எழுதி ஒட்டியாயிற்று. காலில் கட்டிய சிறுநீர் சேரும் பை ஏறும் முன் காலி, குழாய் மடங்காமல், கால் பட்டைக்கு மேலே. பின்பாக்கெட்டில் எதுவும் கூடாது, ஜீன்ஸ் கூடாது, தையல் மொத்தமான எதுவும் கூடாது. ஜெல் மெத்தை. சி-5 அண்ணன் போன்றவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே வியர்க்காது, அதனால் தெளிப்பான் புட்டியும் ஈரத் துணியும் துணைப்படகில். 150 நியூட்டன் மிதவை அங்கி, தொடைப் பட்டையோடு, அதை ஊதும் 33 கிராம் வாயு உருளை இறுகத் திருகியிருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். 50 நியூட்டன் அங்கி கைவீசி நீந்துகிறவர்களுக்கு, அது முகத்தை மேலே திருப்பாது.

திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றி மட்டும் வியர்த்தல்: உடனே நிமிர்த்தி உட்காரவை, பட்டைகளைத் தளர்த்து, குழாயைப் பார், கரைக்கு வா. ரத்த அழுத்தம் 130 என்றால் நமக்குச் சாதாரணம். வழக்கமாக 95 இருப்பவருக்கு அது அபாயம்.

ஸ்லிங் வளையம்: தோளுக்கு நீளமானது, காலுக்குக் குட்டையானது. சற்றுச் சாய்ந்து, கால் முதலில் முன்தளத்துக்குக் கீழே போகும். நிமிர்த்தித் தூக்கினால் குதிகால் விளிம்பில் சிக்கும், அவருக்கு அது தெரியவே தெரியாது.

மே 30, வெள்ளி

பாராலிம்பிக்ஸில் பாய்மரம் 2016 ரியோவோடு நின்றது, 2028-க்கும் இல்லை. ஜோவின் டான், யாப் சியன் யின் ஜோடி ஸ்கட் 18 என்ற இருவர் படகில் ஓடியதெல்லாம் இனி பழங்கதையா? எரிச்சலாக இருக்கிறது. நாளை ஏற்றம் 2.7.

மே 31, சனி

சி-5 அண்ணனுக்கு வால் எலும்பின் மேல் சிவப்பு. எழுந்து அரைமணி ஆகியும் மங்கவில்லை என்று வீட்டிலிருந்து அழைப்பு. மங்காத சிவப்பு என்றால் உட்காரக்கூடாது, பேச்சே இல்லை. காற்று எட்டு நாட் வேகம், தென்கிழக்கு, கரையோரம் அலையே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

பாதி மங்கியிருக்கிறதாம். ஜூன் 14 சனி, பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். சர்வோ பேட்டரி 12.1 வோல்ட் காட்டுகிறது, இரவு சார்ஜில் போட்டும் ஏறவில்லை. எதிர்முனைத் திருகைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு பேட்டரி.