பாபநாசத்தில் இறங்கி, மேலே நடந்து

பாபநாசம் வருகிறவர்களில் பாதிப் பேர் படித்துறையில் குளித்து, மீனுக்குப் பொரி போட்டு, பாபநாசநாதரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் நேரம் இருப்பவர்கள் வண்டியிலேயே போய் அகஸ்தியர் அருவியில் தலையை நனைத்துவிட்டு வருவார்கள். தாமிரபரணி மலையை விட்டுத் தரைக்கு இறங்குகிற இடம் இது. அதை நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தத் தை மாதம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1880களில் ஹார்வி சகோதரர்கள் இந்தப் பக்கம் நூற்பாலை வைத்ததே ஆறு விழுகிற வேகத்தை நம்பித்தான். அதனால் அவருக்கு இந்த ஆற்றின் மேல் ஒரு உரிமை உண்டு. யாராவது சோப்பு போட்டால் சண்டைக்கே போய்விடுவார்.

படித்துறையில் அன்றும் அவருக்குக் கோபம் வந்தது. பரிகாரம் என்று உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு மருதமரத்தின் வேரில் நீலச் சேலை ஒன்று சிக்கியிருந்தது. அதன்மேல் பாசி ஏறி, மடிப்புக்குள் மணல் நிறைந்து, இழுத்தால் வேரோடு வரும்போல இறுகிக் கிடந்தது. தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளினாலும் மறுபடி சேர்ந்துவிடுகிறது. எந்தப் பாவமும் இப்படித் தொலையாது என்பதை யாராவது மைக் வைத்துச் சொன்னால் தேவலை.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இல் வந்தது, தமிழ்நாட்டில் முதலாவது. பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை. அப்புறம் ஏற்றம்தான். சாலையில் நடந்தாலும் காடு கையெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. ஆறு ஒரு வளைவில் தெரியும், அடுத்த வளைவில் சத்தம் மட்டும் கேட்கும். கருமந்தி ஒன்று மரத்துக்கு மரம் தாவும்போது கிளை ஒடிகிற சத்தம் கேட்டு நான் நின்றுவிட்டேன். சித்தப்பா நிற்கவே இல்லை.

அருவி வந்ததும் முதலில் தெரிவது காற்றுதான். சாரல் முகத்தில் படுவதற்கு முன்பே குளிர்ந்த காற்று வந்து மேலே மோதும். குற்றாலத்தில் சீசன் முடிந்து பாறை வெளுத்துக் கிடக்கிற நாளிலும் இங்கே தண்ணீர் விழும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பொதிகைக்குக் கிடைக்கிறது. மேலே இருக்கிற சோலைக்காடு அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. போதாததற்குப் பாபநாசம் அணை வேறு, முழு உயரம் 143 அடி. நெல்லைக்காரர்கள் பேப்பரை விரித்ததும் தேடுகிற எண் அதன் நீர்மட்டம்தான்.

குளித்துவிட்டுக் கூட்டத்திலிருந்து தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், தண்ணீர் மெல்லிசாக வழிகிற சரிவில் வாயால் பாறையைப் பிடித்துக்கொண்டு பாசி மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் தள்ளத் தள்ள வால் மட்டும் துடிக்கிறது, உடம்பு அசையவில்லை. கல்லொட்டி என்றார் சித்தப்பா. பொரிக்கு வாய் பிளக்கிற படித்துறை மீன்களைவிட எனக்கு இவற்றைத்தான் பிடித்தது.

பலர் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து படியேறினால் கல்யாண தீர்த்தம். சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் கைலாயத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்து, அதைச் சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பட்ட அகத்தியர் அந்தக் கல்யாணக் காட்சியைக் கண்ட இடம் என்பார்கள். சின்னக் கோயில், சுற்றிலும் பாறை, நடுவே கசம், அதாவது ஆழமான மடு. அருவியில் அவ்வளவு இரைச்சல் போட்ட ஆறு இங்கே கரும்பச்சையாகத் தேங்கி நிற்கிறது.

வ.வே.சு. ஐயர் இறந்தது இங்கேதான். லண்டனில் சட்டம் படிக்கப்போய்ப் புரட்சிக்காரராகித் திரும்பியவர், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியவர். 1925 ஜூனில் மகள் சுபத்திரையோடு வந்திருந்தபோது அவள் தண்ணீரில் விழ, காப்பாற்றக் குதித்தவரும் போய்விட்டார். இதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கசத்தின் விளிம்பில் நின்று, வழுக்கிவிட்டால் பிடிக்க எங்கே பிடி இருக்கிறது என்று கண்ணால் தேடியபோதுதான் அந்த அப்பாவின் நிலை புரிந்தது. பிடி எதுவும் இல்லை. வெறும் வழவழத்த பாறை.

"பாக்கச் சாந்தமா இருக்கும்ட்டி. நம்பிராத" என்றார் சித்தப்பா. அவர் வேலை பார்த்த காலத்தில் இங்கே உயிர் போனவர்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் நன்றாக நீச்சல் தெரிந்த பையன்கள். இங்கே இறங்காதே என்று ஒவ்வொரு அப்பா அம்மாவும் பிள்ளையைக் கூட்டிவந்து நேரில் காட்டிச் சொல்ல வேண்டும். போர்டு போதாது.

போக நினைப்பவர்களுக்கு: திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்துக்குப் பஸ் நிறைய இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் மழை வலுத்தால் அருவியை மூடிவிடுவார்கள், போராடாமல் திரும்பிவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஆறு என்ன செய்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். தையிலும் மாசியிலும் தண்ணீர் தெளிந்திருக்கும், வெயிலும் தாங்கும். காலையிலேயே ஏறிவிடுங்கள், காப்பகத்துக்குள் பொழுது சாய்ந்தபின் இருக்க விடமாட்டார்கள். நல்ல பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி கொண்டுபோனால் ஈரத் துணியை மறக்காமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.