காதில் சீழ் நிற்காததற்கு ஸ்கேனில் தெரிந்த காரணம்

எனக்கு 6 வயதில் தொடங்கியது என்று அம்மா சொல்வார். சளி பிடித்தால் வலது காதில் சீழ் வரும், சொட்டு மருந்து விட்டால் பத்து நாளில் காயும், அடுத்த மழைக்கு மறுபடியும் வரும். 34 வயது வரை இப்படியே ஓட்டினேன். தலைக்குக் குளிக்கும்போது தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு, ஆற்றுக்குப் போனால் படித்துறையோடு சரி. போன வருடம் சீழில் நாற்றம் வந்தது, அந்தக் காதில் போனை வைத்தால் பேச்சும் புரியவில்லை. அப்புறம்தான் வேறு ஈ.என்.டி. டாக்டரிடம் போனேன்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர், செவிப்பறையின் மேல்பகுதி உள்ளே இழுபட்டுப் பை மாதிரி ஆகி, அதில் தோல் உதிர்ந்து சேர்ந்திருக்கிறது என்றார். பெயர் கொலஸ்டியடோமா. புற்றுநோய் இல்லை, ஆனால் பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டே போகும், சொட்டு மருந்துக்கு அடங்காது. சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இடது காதுக்குப் பின்னால் எலும்பு முழுக்கத் தேன்கூடு மாதிரி காற்றறைகள், கறுப்புக் கறுப்பாக. வலது பக்கம் அநேகமாக எதுவுமே இல்லை, கெட்டியான வெள்ளை. அறைகள் இல்லாததால் சீழ் வந்ததா, சின்ன வயதிலேயே சீழ் வந்ததால் அறைகள் வளரவில்லையா என்று கேட்டேன். டாக்டர்களுக்குள்ளேயே இது பழைய விவாதம் என்றார். தேடிப் படித்தேன். குழந்தைப் பருவத்து அழற்சிதான் அறைகளை வளரவிடாமல் தடுக்கிறது என்று 1918இல் விட்மாக் என்ற காது டாக்டர் எழுதியிருக்கிறார், அறைகளின் அளவு பிறவியிலேயே அமைவது என்று 1940இல் டியாமன்ட் என்ற இன்னொரு டாக்டர். என் இரண்டு காதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு விட்மாக் சொன்னதுதான் பொருந்துவதாகப் பட்டது.

ஸ்கேன் இன்னொன்றையும் காட்டியது. மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய நாளம் என் வலது காதில் வழக்கத்தைவிட முன்னால் தள்ளி இருந்தது, மூளையைத் தாங்கும் எலும்புத் தட்டும் தாழ்ந்திருந்தது, முகத்தை அசைக்கும் நரம்பின் மேல் இருக்க வேண்டிய மெல்லிய எலும்பு ஓரிடத்தில் தெரியவில்லை. ஆபரேஷனில் டிரில் போக இடம் குறைவு என்பதால், காதுக் குழாயின் பின்சுவரையும் எடுத்துத் திறந்த குழியாக விடுவதுதான் எனக்குச் சரிப்படும் என்று படத்தில் பேனாவை வைத்துக் காட்டி விளக்கினார். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் தெரியாமல் படுப்பதைவிட இது எவ்வளவோ மேல். உங்களுக்கும் ஆபரேஷன் சொன்னால், ரிப்போர்ட் காகிதத்தோடு நிறுத்தாமல் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதலில் காதில் விழுந்தது டாக்டரின் குரல், "கண்ணை இறுக்கி மூடுங்க, பல்லைக் காட்டுங்க." இரண்டும் செய்ய முடிந்தது, அம்மா அழுதுவிட்டார். சில வாரம் நாக்கின் வலது பக்கம் இரும்பை நக்கிய மாதிரி ருசி, அப்புறம் போய்விட்டது. நடுக்காதின் சிறு எலும்புகளில் ஒன்று அரித்துப் போயிருந்ததால் கேட்பது பாதிதான் திரும்பியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழியைச் சுத்தம் செய்யப் போகிறேன், தண்ணீர் படாமல் இன்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். போன ஐப்பசி மழை முழுக்கக் காது காய்ந்தே இருந்தது.