தாத்தாவின் படிக்கம்

பித்தளைப் படிக்கம் நேற்று ராத்திரி மொட்டைமாடி ஏறியது. தாத்தா போன பிறகு வெற்றிலை எச்சிலையே பார்க்காத படிக்கம்.

ஒயினை ருசி பார்க்கிறவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்களாம். துபாயிலிருந்து வந்திருந்த அண்ணன் சொன்னான். கொண்டுவந்தது மூன்று ஸ்பானிஷ் பாட்டில். கும்பகோணத்தில் கண்ணாடிக் கோப்பை நாலுதான் தேறியது. எனக்கு எவர்சில்வர் டம்ளர். நிறம் பார்க்கச் சாய்த்தால் என் மூக்குதான் தெரிந்தது.

முதலில் ஸ்பெயினின் ரியோகா வட்டாரத்து ஒயின். திராட்சை ரகம் டெம்ப்ரனில்லோ. ஸ்பானிஷில் 'டெம்ப்ரானோ' என்றால் சீக்கிரம்; பல ரகங்களுக்கு முந்திப் பழுத்துவிடும்.

"அட, நம்ம குறுவை!" என்றார் பெரியப்பா. (ஆமாம், அவரும் இருந்தார்.)

அடுத்தது ரிசர்வா. குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், அதில் 1 வருஷமாவது ஓக் பீப்பாயில். பெரியப்பா ஒரு வாய் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"பழைய அரிசிடா இது. புதுசுன்னா குழைஞ்சிருக்கும்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் குறுவை நெல் களத்திலிருந்தே லாரி ஏறிவிடுகிறது. ஒரு வருஷம் வைத்திருந்து விற்க குதிரும் இல்லை, கையில் காசும் இல்லை.

காலையில் பெரியம்மா புளி போட்டுத் தேய்க்கப் படிக்கத்தை எடுத்தார். உள்ளே பார்த்தார்.

"ஒரு சொட்டுகூட இல்லையே, எதுக்குடா எடுத்தீங்க?"