காலியம்-68 டோட்டாடேட் தயாரிப்பில் எங்களைத் தடுமாற வைத்த அமிலம்

நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுபவை) பெட் ஸ்கேனில் காட்டும் காலியம்-68 டோட்டாடேட்டைத் தயாரிக்கும் வேறு எந்த ஆய்வகமும் நாங்கள் பட்ட பாட்டைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். டோட்டாடேட் என்ற பெப்டைடை (சிறு புரதத் துண்டு) காலியத்தோடு சேர்த்து 95 டிகிரியில் சூடாக்கி, டிஎல்சி (பிணைந்த காலியத்தையும் பிணையாததையும் பிரித்துக் காட்டும் சோதனை) பார்த்தபோது, பிணையாத காலியம் திடீரென மிகுந்து காணப்பட்டது. தயாரிப்பு ஒருமுறை கெட்டால், ஜெனரேட்டரில் (ஜெர்மேனியம்-68 சிதைந்து காலியம்-68 உருவாகும் கருவி) மீண்டும் போதிய காலியம் சேர ஏறத்தாழ நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் ஸ்கேன் இன்று இல்லை என்று சொல்வது மிகவும் வேதனையாக இருந்தது.

முதல் சந்தேகம் ஜெனரேட்டர் மீது விழுந்தது. ஆனால் கிடைத்த கதிரியக்கம், ஜெர்மேனியம்-68இன் 271 நாள் அரையாயுளை வைத்துக் கணக்கிட்ட அளவோடு பொருந்தியது. பெப்டைடோ முன்பு நன்றாகப் பிணைந்த அதே தொகுதி. பிஹெச் 3.5க்கும் 4க்கும் இடையில் சரியாகவே இருந்தது. புதிதாக வந்தது, ஜெனரேட்டரைக் கழுவிக் காலியத்தை வெளியே எடுக்கும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒன்றுதான்.

அதில் இரும்பு எவ்வளவு என்று கேட்டு, விற்ற நிறுவனத்திடம் உலோக மாசுச் சான்றிதழ் கோரினோம். அமிலத்தின் செறிவை மட்டும் குறித்த ஒரு தாளை அனுப்பிவிட்டு, 'எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்' என்று தொலைபேசியை வைத்துவிட்டார் அங்கிருந்த அலுவலர். அந்த அலட்சியத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரும்பு ஏன் முக்கியம் என்றால், 1.85 ஜிகாபெக்கரல் (கதிரியக்க அலகு) காலியம்-68 என்பது 18 பிகோமோல் அளவே. 40 மைக்ரோகிராம் டோட்டாடேட் சுமார் 28 நானோமோல். ஆனால் 5 மி.லி. அமிலத்தில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இரும்பு இருந்தாலே அது 90 நானோமோலுக்கு நெருங்கிவிடும். காலியத்துக்கு முன்பே, பெப்டைடில் உலோகத்தைப் பிடிக்கும் பகுதியான டோட்டா வளையங்களை எல்லாம் அது பிடித்துக்கொள்ளும். பழைய கொள்முதலில் மிஞ்சியிருந்த அமிலத்தை எடுத்து, மற்ற எதையும் மாற்றாமல் தயாரித்தபோது பிணைப்பு 95 விழுக்காட்டைத் தாண்டியது. அன்று ஆய்வகத்தில் எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது.

அதன் பிறகு, உலோக அளவுகளைப் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் தனித்தனியே குறிப்பிடும் சான்றிதழ் கையில் கிடைக்காமல் அமிலத்துக்குப் பணம் கட்டுவதில்லை. அமிலம் படும் இடத்தில் எஃகு ஊசி கூடவே கூடாது. பிளாஸ்டிக் குழாய்களையே பயன்படுத்துங்கள். வார விடுமுறைக்குப் பின் ஜெனரேட்டரை ஒருமுறை கழுவி அந்தக் கரைசலை ஒதுக்கிவிடுவதும் அவசியம். ஏனெனில், காலியம்-68 சிதைந்து உருவாகும் துத்தநாகம் அதற்குள் குவிந்திருக்கும், அதுவும் டோட்டாவைப் பிடிக்கும். பிஹெச் தாளைக் குப்பிக்குள் நனைக்காமல், ஒரு துளியை வெளியே எடுத்துப் பாருங்கள். தயாரித்த மருந்தைச் சுத்திகரிக்கும் சி18 வடிகட்டியில் பிணையாத காலியம் நீங்கிவிடும் என்றாலும், இரும்பு பிடித்த பெப்டைடு அதில் தங்கி மருந்தோடு சேர்ந்தே வரும் என்பதால், அதை நம்பி மோசமான அமிலத்தோடு தயாரிப்பைத் தொடங்கிவிடாதீர்கள்.