குளவிக் கூடும் பொய் சொல்லும் முள்ளும்

வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்பார்கள். விமானத்தின் வேகத்தை அளக்க எதிர்காற்றை வாங்கிக்கொள்ளும் பிட்டோ குழாயில் கட்டினால் வருவது வேறு சேதி. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயின் வாய், குளவிக்கு அளவெடுத்துச் செய்தது போலவே இருக்கும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டா அருகே கடலில் விழுந்து 189 பேர் இறந்த பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757-இலும் குழாயை அடைத்தது குளவிக் கூடாகத்தான் இருக்கும் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். அதன் கேப்டனின் வேகமானி ஓடுபாதையிலேயே வேலை செய்யவில்லை. தெரிந்தும் கிளம்பினார்கள்.

குழாயின் முன்வாய் மட்டும் அடைத்து, தண்ணீர் வடியும் துளை திறந்திருந்தால் வேகமானியின் முள் பூஜ்யத்துக்கு விழும். அது நாணயமான பழுது, உடனே தெரிந்துவிடும். இரண்டும் அடைபட்டால்தான் வம்பு. தரைமட்டத்துக் காற்று உள்ளே சிறைப்பட்டுக் கிடக்க, ஏற ஏற வெளியழுத்தம் குறையும். உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முள் வேகமாகக் காட்டுகிறது என்பதால், வேகமானி ஆல்டிமீட்டராக, அதாவது உயரமானியாக, மாறிவிடும். கடல்மட்டத்தில் கிளம்பினால் 500 அடியில் 100 நாட் (மணிக்குக் கடல்மைல்) சொச்சம் காட்டும், 1000 அடியில் 150-ஐத் தொடும். வேகம் எகிறுகிறதே என்று மூக்கைத் தூக்கினால் இன்னும் ஏறும், முள்ளும் இன்னும் ஏறும், மறுபடி மூக்கைத் தூக்கத் தோன்றும். வேகம் போதாமல் இறக்கை தூக்கும் விசையை இழந்து ஸ்டால் ஆகிற நொடி வரைக்கும் முள் ‘வேகம் அதிகம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால் ஓடுபாதை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே முள்ளைப் பாருங்கள். விமானம் நன்றாக வேகமெடுத்த பிறகும் அது அசையவில்லையா, த்ராட்டிலை மூடிப் பிரேக் பிடியுங்கள். மேலே போனபின் தெரிந்தால், அந்த மீட்டரை ஒரு காகிதத்தால் மறைத்துவிடுங்கள். கண்ணெதிரே இருக்கும் வரை மனசு அதையே நம்பும். ஈரமான காற்றோ மேகமோ என்றால் குழாயைச் சூடாக்கும் பிட்டோ ஹீட் போடுங்கள், பனி அடைத்திருந்தால் உருகிவிடும். மண்ணுக்கு அது உதவாது.

பிறகு பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: மூக்கின் நிலை, ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது). 172-இல் மட்டமாகப் பறக்க 2300 ஆர்பிஎம் வைத்தால் சுமார் 100 நாட் கிடைக்கும். 1500 ஆர்பிஎம், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப் 20 டிகிரி, மூக்கு தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே என்றால் இறக்கத்தில் ஏறக்குறைய 70. ஒவ்வொரு விமானமும் கொஞ்சம் மாறும். காற்றில்லாத ஒரு காலையில் உங்கள் விமானத்தின் எண்களை எடுத்து முழங்கால் அட்டையில் எழுதி வைப்பது நல்லது. ஜிபிஎஸ் காட்டுவது தரைவேகம். 15 நாட் எதிர்காற்று என்றால், காற்றில் உங்கள் வேகம் தெரிய அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்டால் நெருங்குவதை எச்சரிக்கும் 172-இன் ஸ்டால் ஹார்ன், இடது இறக்கை முன்விளிம்பில் உள்ள துளை வழியாகக் காற்று உறிஞ்சப்படுவதால் பீப்பி போல ஊதும். அதற்குப் பிட்டோவும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். அது ஊதினால், முள் என்ன சொன்னாலும் ஹார்ன் சொல்வதே சரி. இறங்குவதற்கு நீளமான ஓடுபாதையாகத் தேர்ந்தெடுங்கள், கொஞ்சம் வேகமாகவே வாருங்கள்.

வெளியழுத்தத்தை மீட்டர்களுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்டிக் துளை அடைபட்டால் கதை வேறு. ஆல்டிமீட்டர் உறைந்துவிடும், ஏற்ற-இறக்க மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும், அடைபட்ட உயரத்துக்குக் கீழே வந்ததும் வேகமானி கூட்டிக் காட்டும். பேனலின் கீழ்ப்பக்கம் இருக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றிலிருந்து அழுத்தத்தை எடுத்துத் தரும் மாற்று ஸ்டாட்டிக் குமிழை இழுங்கள், ஜன்னல்களை மூடுங்கள். வேகமும் உயரமும் வழக்கமாகச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். திருத்த எண்கள் விமானக் கையேட்டில் இருக்கும். ஒன்று மட்டும்: தரையிலிருக்கும் கன்ட்ரோலரிடம் ‘என் உயரம் என்ன?’ என்று கேட்காதீர்கள். அவர் திரையில் தெரியும் எண் உங்கள் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோ கருவி அனுப்புவது. அதுவும் அதே துளையிலிருந்துதான் வருகிறது. 1996 அக்டோபரில் ஸ்டாட்டிக் துளைகளில் ஒட்டிய டேப்போடு பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 757-இன் விமானிகளுக்கு, கடலில் மோதும் தறுவாயிலும் தரையிலிருந்து கிடைத்த உயரம் 9,700 அடி.

பறக்கும் முன் சுற்றிவரும்போது குழாயில் மண் தெரிந்தால் கம்பியால் குத்த வேண்டாம், உள்ளே தள்ளிவிடுவீர்கள். வாயால் ஊதவும் வேண்டாம், வேகமானியின் மெல்லிய தகடு கெட்டுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், லைனை மீட்டரிலிருந்து கழற்றிவிட்டு, உள்பக்கமிருந்து வெளியே ஊதிச் சுத்தம் செய்வார்.