ஹோஸ்டிங் பில்லிங் மென்பொருளைச் சர்வரிலிருந்து கழற்றுதல்: கோலாலம்பூர் வேலைக் குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து வேலை, சர்வர் இருப்பது சைபர்ஜெயாவில். உபுண்டு 22.04, அப்பாச்சி, பிஎச்பி 8.1, மைஎஸ்கியூஎல் 8.0. அதில் பல ஆண்டுகளாக ஓடும் டபிள்யூஎச்எம்சிஎஸ் என்ற பில்லிங் மென்பொருளை எடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் ஒரு ஹோஸ்டிங் நிறுவனம். அவர்களுடைய கணக்கு வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டது. இதே சர்வரில் வேறு தளங்களும் ஓடுகின்றன, அவற்றுக்கு ஒரு நிமிடத் தடங்கலும் வரக் கூடாது.

ஃபோல்டரை அழிப்பது ஒரு வரிக் கட்டளை. ஆனால் பில்லிங் மென்பொருள் தன் ஃபோல்டருக்குள் மட்டும் வாழ்வதில்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் குரோனில் ஒரு வரி, மெயில் அலியாஸில் வரும் மெயிலை மென்பொருளுக்குள் தள்ளும் ஒரு பைப், வாடிக்கையாளர் தளங்கள் இருக்கும் சர்வர்களான ஹோஸ்டிங் நோடுகளில் முழு அதிகாரமுள்ள டோக்கன், டொமைன் ரிஜிஸ்ட்ராரிடம் ஏபிஐ சாவி, பேமென்ட் கேட்வேயில் பணம் வந்ததைத் தெரிவிப்பதற்கான கால்பேக் முகவரி என்று வெளியே பல இடங்களில் அது கால் ஊன்றியிருக்கும். ஃபோல்டர் போன பிறகும் இவை அத்தனையும் அப்படியே உயிரோடு இருக்கும். அதனால் முதலில் வெளித் தொடர்புகளை அறுக்கிறோம், அடுத்து கணக்கைப் பத்திரப்படுத்துகிறோம், அழிப்பது கடைசி.

லைசென்ஸை இப்போதே ரத்து செய்யக் கூடாது. அது செல்லாமல் போனால் நிர்வாகப் பக்கம் பூட்டிக்கொள்ளும். கோப்புகள் அயன்கியூப் முறையில் குறியாக்கப்பட்டவை என்பதால் உள்ளே புகுந்து சரிசெய்யவும் வழியில்லை. டேட்டாபேஸைப் படிக்கலாம்தான், ஆனால் இன்வாய்ஸைப் பிடிஎஃப்பாக எடுக்க முடியாது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று தானியங்கி வேலைகள். நிர்வாகப் பக்கத்தின் ஆட்டோமேஷன் அமைப்பில் சஸ்பெண்ட், டெர்மினேட், இன்வாய்ஸ் நினைவூட்டல் ஆகியவற்றை அணைத்த பிறகுதான் குரோன் வரியை எடுத்தோம். குரோனை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். நிறுத்திச் சில நாள் கழித்து யாராவது சோதனைக்காக ஒருமுறை ஓட்டினால் போதும், கெடு தாண்டிய கணக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் சஸ்பெண்ட் ஆகும், நினைவூட்டல் மெயில்கள் கொத்தாகப் பறக்கும். அமைப்பும் அணைந்திருந்தால் அந்த ஆபத்து இல்லை.

குரோன் வரி எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ரூட்டின் குரோன்டேப், தளத்துக்கு உரிய யூசரின் குரோன்டேப், /ஈடிசி/குரோன்.டி, சிஸ்டம்டி டைமர் என்று நான்கையும் பார்த்தோம். குரோன் ஃபோல்டரைப் பாதுகாப்புக்காக வெப் ரூட்டுக்கு (இணையத்துக்குத் திறந்திருக்கும் ஃபோல்டருக்கு) வெளியே நகர்த்தியிருப்பார்கள், அதற்கு வேறு பெயரும் வைத்திருப்பார்கள். ஆகவே ஃபோல்டர் பெயரைத் தேடாமல் ‘குரோன்.பிஎச்பி’ என்ற கோப்புப் பெயரைக் கிரெப் கட்டளையால் தேடுவதே நல்லது. இங்கே யூசரின் குரோன்டேப்பில், */5 * * * * என்று தொடங்கும் வரியாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினாலும் தினசரி வேலை நாளுக்கு ஒரே தடவை, அமைப்பில் குறித்த மணிக்குத்தான் நடக்கும். இன்றைய தினசரி ஓட்டம் முடிந்துவிட்டதை ஆக்டிவிட்டி லாகில் பார்த்த பிறகே வரியை எடுத்தோம்.

ஒரு எச்சரிக்கை. ‘சும்மா ஒரு நகல் இருக்கட்டும்’ என்று இன்னொரு சர்வரில் முழு நகல் வைத்து, அதன் குரோனையும் ஓட விடுபவர்கள் உண்டு. அந்த நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது. உண்மையான வாடிக்கையாளருக்கே மெயில் அனுப்பும், சேமித்த கார்டிலிருந்து பணமும் எடுக்கும்.

மார்ச் 6, வியாழன்

பேமென்ட். இந்த வேலையிலேயே அதிகம் பிசகும் இடம் இதுதான், ஏனென்றால் பிசகினால் அடுத்தவர் பணம் போகும்.

பேபால் சப்ஸ்கிரிப்ஷன் பேபாலின் பக்கத்தில் வாழ்கிறது. இங்கே மென்பொருளை அழித்தாலும் அங்கே மாதாமாதம் பணம் எடுப்பது நிற்காது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத பணம், எந்த இன்வாய்ஸிலும் சேராத பணம். டேட்டாபேஸில் ‘டிபிஎல்ஹோஸ்டிங்’ அட்டவணையில் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஐடி’ என்ற பத்தி இருக்கிறது. அது காலியாக இல்லாத வரிகளை எல்லாம் எடுத்துப் பட்டியல் போட்டோம். டொமைன் அட்டவணையிலும் அதே பத்தி உண்டு, அதையும் மறக்கக் கூடாது. சேவை முடிந்து ‘டெர்மினேட்டட்’ ஆன வரிகளையும் விடாமல் பேபால் கணக்கில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பழைய சப்ஸ்கிரிப்ஷன் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்டிரைப் வேறு மாதிரி. கார்டின் டோக்கனை வைத்துக்கொண்டு மென்பொருளே கேட்டுத்தான் பணம் எடுக்கிறது, குரோன் நின்றால் அதுவும் நிற்கும். ஆனாலும் ஸ்டிரைப் தன் நிகழ்வுகளைத் தெரிவிக்கும் வெப்ஹூக் முகவரியை ஸ்டிரைப் டாஷ்போர்டில் நீக்கிவிட வேண்டும். விட்டால் பதில் வராத ஒவ்வொரு நிகழ்வையும் மூன்று நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். ரகசியச் சாவியையும் மாற்றியாயிற்று.

நம் ஊருக்கே உரியது எஃப்பிஎக்ஸ், வங்கிக் கணக்கிலிருந்தே இணையத்தில் செலுத்தும் மலேசிய முறை. தனிநபர் செலுத்தினால் சில நிமிடங்களில் முடிவு தெரியும். நிறுவனக் கணக்கில் ஒருவர் பதிவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். ஒப்புதல் தருபவர் மறுநாள்கூட அழுத்தலாம். ஆகவே புதிய பேமென்ட்டை இன்றே மூடிவிட்டு, கால்பேக் பாதையை மட்டும் அடுத்த வாரம் வரை திறந்தே வைக்கிறோம். வங்கியில் நேரடியாகப் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ஸ்லிப் அனுப்புகிறவர்களுக்குத் தனிக் கடிதம் போகிறது. கணக்கு எண் அதேதான், இன்வாய்ஸ் எண்ணின் முன்னொட்டு மட்டும் மாறியிருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

இன்வாய்ஸ் பிடிஎஃப். பலருக்குத் தெரியாத விஷயம், இந்த மென்பொருள் பிடிஎஃப்பைச் சேமித்து வைப்பதில்லை. கேட்கும்போது டேட்டாபேஸிலிருந்து அந்த நேரத்தில் செய்து தருகிறது. மென்பொருள் போனால் இன்வாய்ஸ் என்ற ஆவணமே இருக்காது, எண்கள் மட்டும் மிஞ்சும்.

எத்தனை ஆண்டுக்கு வேண்டும்? 1967 வருமான வரிச் சட்டத்தின் 82ஆவது பிரிவு, அந்தந்த ஆண்டு முடிந்த பிறகு 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 2016 நிறுவனச் சட்டத்தின் 245ஆவது பிரிவும் கணக்குப் பதிவுகளுக்கு 7 ஆண்டுதான். 2018ஆம் ஆண்டின் கணக்கு 2025 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும் என்றாகிறது. அந்த 2018 ஓர் இக்கட்டான ஆண்டு. மே முடிய 6 விழுக்காடு ஜிஎஸ்டி, ஜூன் 1 முதல் அது பூஜ்யம், செப்டம்பர் 1 முதல் சேவை வரி 6 விழுக்காடு. பிறகு 2024 மார்ச் 1 முதல் 8. விழுக்காடு அந்தந்த இன்வாய்ஸிலேயே பதிந்திருக்கும், தலைப்பு முகவரியும் லோகோவும் இன்றைய டெம்ப்ளேட்டிலிருந்து வரும். அதனால் நான்கு காலத்திலிருந்தும் ஒவ்வொரு பிடிஎஃப் எடுத்து, விழுக்காடும் வரியின் பெயரும் சரியா என்று கண்ணால் பார்த்த பிறகே மொத்தமாக எடுக்கத் தொடங்கினோம்.

ரிப்போர்ட்ஸ் பகுதியில் பிடிஎஃப் பேட்ச் இருக்கிறது. ஓர் ஆண்டு முழுவதையும் ஒரே தடவையில் கேட்டால் பிஎச்பியின் நினைவக வரம்பில் முட்டி வெள்ளைப் பக்கம் வரும். மாதம் மாதமாகக் கேட்க வேண்டும். அடுத்த சிக்கல் எழுத்துரு. ஃப்ரீசான்ஸ் எழுத்துருவில் சீன எழுத்து இல்லை, நிறுவனப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வந்தன. பிடிஎஃப்பை உருவாக்கும் நிரலான டிசிபிடிஎஃப்பின் எழுத்துரு அமைப்பில் ‘கஸ்டம்’ தேர்ந்து, சீன எழுத்துள்ள எழுத்துருவைக் கொடுத்ததும் சரியானது. தமிழில் பதிந்த ஒரு கடைப் பெயர் மட்டும் எந்த எழுத்துருவுக்கும் மசியவில்லை. ‘செ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. டிசிபிடிஎஃப்புக்கு இந்திய எழுத்துகளைக் கோத்து அடுக்கத் தெரியாது, அதுதான் காரணம். அந்த வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்களை உலாவியில் திறந்து, அங்கிருந்தே பிடிஎஃப்பாக அச்சிட்டோம். பெயரை மலாயில் மாற்றி எழுதிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. பதிந்த ஆவணத்தை அப்படித் தொடக் கூடாது.

மார்ச் 12, புதன்

டேட்டாபேஸ் டம்ப், அதாவது டேட்டாபேஸைக் கோப்பாக நகலெடுப்பது. மைஎஸ்கியூஎல்டம்ப்பில் சிங்கிள்-டிரான்சாக்ஷன், ரூட்டீன்ஸ், டிரிகர்ஸ் ஆகிய விருப்பங்கள். 8.0.21 முதல் டேபிள்ஸ்பேஸ் விவரம் எடுக்க ‘பிராசஸ்’ உரிமை கேட்கும், சாதாரண யூசரில் ஓட்டினால் பிழைச் செய்தி வரும். நோ-டேபிள்ஸ்பேசஸ் சேர்த்தால் தீர்ந்தது. டம்ப்பைச் சுருக்குவதற்கு நேரே ஜிஜிப்புக்குப் பைப் செய்கிறவர்கள் முதலில் பாஷில் பைப்ஃபெயில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் வெற்றி என்றே சொல்லும். கோப்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ இருக்கிறதா பாருங்கள். இணையத் தொடர்பு இல்லாத இன்னொரு கணினியில் டேட்டாபேஸை மட்டும் ஏற்றி, ‘டிபிஎல்அக்கவுண்ட்ஸ்’ அட்டவணையின் வரவுகளை ஆண்டுவாரியாகக் கூட்டிக் கணக்காளர் அக்காவிடம் கொடுத்தோம். அவர் கையில் இருக்கும் தொகையோடு ஒத்துப்போனால்தான் அடுத்த அடி.

சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாக வைத்திருப்பதும் தவறு. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, தேவை முடிந்த தரவை நிரந்தரமாக அழிக்கச் சொல்கிறது. ‘டிபிஎல்ஈமெயில்ஸ்’ அட்டவணையைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளருக்குப் போன ஒவ்வொரு வரவேற்பு மெயிலும் அப்படியே கிடக்கும், அதில் தளத்தை நிர்வகிக்கும் சிபேனலின் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் எழுதியிருக்கும். டிக்கெட் பதில்களிலும் அப்படித்தான், ‘என் பாஸ்வர்ட் இது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அண்ணே’ என்று எழுதியவர்கள் ஏராளம். வரித் தணிக்கைக்கு இதெல்லாம் எதற்கு? காப்பக நகலில் வாடிக்கையாளர், இன்வாய்ஸ், இன்வாய்ஸ் வரிகள், வரவு, சேவை, டொமைன், நாணயம், வரி அட்டவணைகள் மட்டும் இருக்கின்றன. மற்றவை போயாயிற்று.

கான்ஃபிகரேஷன் கோப்பையும் காப்பகத்தில் வைக்கவில்லை. அதிலுள்ள சிசி என்கிரிப்ஷன் ஹாஷ்தான் சேமித்த கடவுச்சொற்களைத் திறக்கும் சாவி. சாவி அழிந்தால், விட்டுப்போன நகல் எங்காவது இருந்தாலும் அந்தப் பத்திகளை யாராலும் படிக்க முடியாது. காப்பகம் ஜிபிஜி குறியாக்கத்தில் பூட்டி இரண்டு இடத்தில், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் தனிக் காகிதத்தில்.

மார்ச் 13, வியாழன்

சாவிகள். சிபேனல் நோடு ஒவ்வொன்றிலும் அதன் சர்வர் நிர்வாகப் பகுதியான டபிள்யூஎச்எம்மின் ஏபிஐ டோக்கனை ரத்து செய்தோம். பழைய நோடில் ரூட் ஃபோல்டருக்குள் ‘.அக்சஸ்ஹாஷ்’ கோப்பும் இருந்தது, அதுவும் போனது. ஃபயர்வாலில் பில்லிங் சர்வரின் ஐபிக்கு விட்டிருந்த அனுமதி, ரிஜிஸ்ட்ராரிடம் அதே ஐபிக்கு இருந்த அனுமதி, ஏபிஐ சாவி எல்லாம் நீக்கம்.

சப்போர்ட் மெயில் அலியாஸ் பைப்.பிஎச்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. கோப்பு மறைந்து அலியாஸ் மட்டும் நின்றால், எழுதிய வாடிக்கையாளருக்கே மெயில் திரும்பும், சர்வரின் உள் பாதையையும் சுமந்துகொண்டு. அலியாஸைச் சாதாரண மெயில்பெட்டிக்குத் திருப்பி ‘நியூஅலியாசஸ்’ ஓட்டியாயிற்று.

மார்ச் 17, திங்கள்

எஃப்பிஎக்ஸ் நிலுவை எதுவும் இல்லை. இன்று அழிப்பு, ரமலான் மாதமானதால் சஹூருக்கு வெகு முன்னால், இரவு இரண்டு மணிக்கு. இங்கே வரிசைதான் எல்லாம்.

முதலில் அப்பாச்சி விர்ச்சுவல் ஹோஸ்ட், அதாவது இந்தத் தளத்துக்கான அமைப்புக் கோப்பு. பில்லிங் முகவரியில் ஒரே ஒரு நிலைப்பக்கம், புதிய முகவரியைச் சொல்வது. மற்றப் பாதைகளுக்கு 410, அதாவது ‘நிரந்தரமாக நீக்கப்பட்டது’ என்ற பதில். பழைய மெயில்களில் அந்த முகவரி இருப்பதால் சான்றிதழைத் தொடவில்லை, செர்ட்பாட் புதுப்பித்துக்கொண்டே இருக்கட்டும். லாக் ஃபோல்டரையும் விட்டுவைத்தோம். விர்ச்சுவல் ஹோஸ்ட் கேட்கும் லாக் ஃபோல்டர் இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அப்பாச்சி எழாது, எல்லாத் தளமும் விழும். கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டிய பிறகே ரீலோட்.

அடுத்து, இந்தத் தளத்தின் பிஎச்பியை எந்த யூசரில் ஓட்டுவது என்று சொல்லும் பிஎச்பி-எஃப்பிஎம் பூல் கோப்பு. யூசரை அழித்துவிட்டுப் பூல் கோப்பை மறந்தால், அந்த யூசரைக் காணோம் என்று எஃப்பிஎம் முழுதுமே தொடங்க மறுக்கும். பூல் கோப்பை எடுத்து, எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்து, மற்றத் தளங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு யூசரும் ஃபோல்டரும். அட்டாச்மென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெம்ப்ளேட்ஸ்_சி மூன்றும் வெப் ரூட்டுக்கு வெளியே தனித்தனியே இருக்கலாம். அவற்றின் பாதை கான்ஃபிகரேஷன் கோப்பிலும் சேமிப்பு அமைப்பிலும் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்ட பிறகு அந்தக் கோப்பை அழியுங்கள்.

டேட்டாபேஸை ‘டிராப்’ கட்டளையால் அழித்தால் யூசரின் உரிமைகள் தானாக மறைவதில்லை. நாளைக்கு அதே பெயரில் புது டேட்டாபேஸ் உருவானால் பழைய யூசர் உள்ளே நுழையலாம். ‘டிராப் யூசர்’ தனியாகக் கொடுக்க வேண்டும்.

குறியாக்கிய கோப்புகளைப் பிஎச்பி ஓட்டுவதற்கான அயன்கியூப் லோடர் கடைசி. ‘ஐசிபி0’ என்று தொடங்கும் பிஎச்பி கோப்பு வேறு தளங்களில் உண்டா என்று கிரெப் செய்தோம், இல்லை. எஃப்பிஎம், சிஎல்ஐ இரண்டின் கான்ஃப்.டி ஃபோல்டரிலும் உள்ள வரியை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, அப்புறம்தான் லோடர் கோப்பை அழித்தோம்.

மார்ச் 18, செவ்வாய்

டிராப் ஆன தரவு இன்னும் வட்டில் இருக்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0இல் பைனரி லாக் தானாகவே இயங்கும், இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். அண்மையில் எழுதப்பட்ட ஒவ்வொரு வாடிக்கையாளர் வரியும் அதில் உண்டு. இந்த லாகைப் படித்துத் தன்னைப் புதுப்பிக்கும் நகல் சர்வர் (ரெப்ளிகா) இல்லாததால் ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கொடுத்து நேற்று வரையானதை நீக்கினோம். ரெப்ளிகா உள்ள இடத்தில் அது எதுவரை படித்திருக்கிறது என்று பார்த்த பிறகே இதைச் செய்யுங்கள்.

பேக்கப்பிலும் நகல் இருக்கிறது. வாரப் பேக்கப் நான்கும் தாமாகக் கழியும், மாதப் பேக்கப்பைக் கையால் நீக்க வேண்டும். எஸ்எஸ்டியில் ‘ஷ்ரெட்’ கட்டளையை நம்ப வேண்டாம், அது எழுதும் இடமும் பழைய தரவு இருக்கும் இடமும் வேறாக இருக்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

வாரப் பேக்கப்புகள் கழிந்துவிட்டன, மாதப் பேக்கப்பும் நீங்கியது. பேபாலில் ஒரு பழைய சப்ஸ்கிரிப்ஷனும் பணம் எடுக்கவில்லை. லைசென்ஸ் ரத்து இன்று.

பாக்கி இருப்பது டொமைன்கள். இதுவரை புதுப்பித்தல் ஆணையை அனுப்பியது பில்லிங் மென்பொருள். புதிய மென்பொருளில் ரிஜிஸ்ட்ரார் இணைப்பு இன்னும் பாதி டொமைன்களுக்கு வரவில்லை. .காம் ஒன்று நீக்கப்பட்டு ரிடெம்ப்ஷன் எனும் மீட்புக் காலத்துக்குப் போனால் 30 நாள்தான் அவகாசம், மீட்கத் தனிக் கட்டணமும் உண்டு. ஜூன் முடிய காலாவதியாகும் .மை, .காம் பட்டியல் இரண்டையும் ரிஜிஸ்ட்ராரிடமிருந்தே நேரடியாக எடுத்து ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கொடுத்தாயிற்று. இணைப்பு முழுமையாகும் வரை வாரந்தோறும் திங்கட்கிழமை அந்தப் பட்டியலைப் பார்த்துக் கையால் புதுப்பிப்பார்கள்.