சிப்பாய் என்று எழுதினேன்

“அப்படியானால் இவர் எங்கள் தாத்தா மாதிரி கூலிக்கு வந்தவர் இல்லையா, தம்பி?” என்று, காட்சிக்கூடத்தில் பிரபு சிங்குக்கு நான் எழுதி வைத்த பலகையைப் பார்த்து அந்த வயதான ஆயா கேட்டார்கள். “பிறகு சொல்கிறேன், ஆயா” என்றேன். பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்பது உண்மை. பதில் சொல்ல அரை நிமிடம் போதும் என்பதும் உண்மை.

பிரபு சிங்கின் பலகையில் முதலில் ‘ஒப்பந்தக் கூலி’ என்றுதான் எழுதியிருந்தேன். மேலாளர் பார்த்தார். “கூலி என்று கூப்பிட்டுத்தானே நம்மை மட்டம் தட்டினார்கள்? பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் அது வேண்டாம். சிப்பாய் என்று போடுங்கள்.” நான் மறுத்துப் பேசவில்லை. உழைத்தவனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நம் மொழியில் உள்ள பெயர், இந்தத் தென்னாப்பிரிக்காவில் வசைச்சொல். பள்ளிக்கூட வயதில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். ஒட்டிய எழுத்தை நகத்தால் உரித்தேன். ‘கூ’வின் வால் மட்டும் வர மறுத்தது.

ஆங்கிலேயர் வசமிருந்த லேடிஸ்மித் ஊரின் முற்றுகை 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை 118 நாட்கள் நீடித்தது. எதிர்க் குன்றில், ஆங்கிலேயரோடு போரிட்ட டச்சு வம்சாவளியினரான போயர்களின் பீரங்கி. பிரபு சிங் மரத்தில் ஏறி உட்கார்ந்து, பீரங்கி வாயில் நெருப்புத் தெரிந்த கணமே மணியடிப்பார் என்று காந்தி எழுதியிருக்கிறார். குண்டு வந்து விழுவதற்குள் ஊர் பதுங்கிக்கொள்ளும். மரத்தின் மேல் இருந்தவர் எங்கே பதுங்குவது? இப்படிப்பட்டவரைச் சிப்பாய் என்றால் என்ன குறைந்துவிடும்? இதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

ஆனால் அவர் பட்டாளத்தில் சேர்ந்தவர் அல்ல. துப்பாக்கிக்குப் பதில் மணி. வைஸ்ராய் கர்சன் காஷ்மீர் அங்கி ஒன்றை அனுப்ப, டர்பன் நகர மண்டபத்தில் ஊரைக் கூட்டி மேயர் அதை வழங்கினார். அந்த மரியாதை ஒரு கூலிக்காரருக்குக் கிடைத்தது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களும் ‘நம்மில் ஒருவர்’ என்று சொல்லிக்கொள்ளக்கூடிய மரியாதை. ஆயாவின் தாத்தா தோளிலிருந்து அந்த அங்கியை நான்தான் கழற்றினேன்.

ஆயா கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர்கள். பலகையில் விரல் வைத்து, “சிப்... பாய்” என்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நகர்ந்தார்கள்.

பலகையை மாற்றலாம் என்று மேலாளரிடம் இன்னும் பேசவில்லை. “வெளியே போய்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டால்?” என்று கேட்பார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.